தம்பியிடம் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன்

என் மகனுக்கு வாப்பாவின் ஸலாம்.

எத்தாளையிலிருந்து நீ இருக்கிற நுரைச்சோலைக்கு மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத் தூரத்துக்கு ஒருவன் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறான் என்றால், ஒன்று அவனுக்குக் கிறுக்குப் பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முகம் பார்த்துச் சொல்ல முடியாத கதையாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டும்தான் என்று வைத்துக்கொள். மூன்று நாளாக ஃபோனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். ஒரு தடவை நீ எடுத்து, "என்ன வாப்பா?" என்று கேட்டாய். வெங்காயத்துக்கு மருந்து அடித்து முடிந்தது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பவர் பிளாண்டில் மெஷின் பார்க்கிற உனக்கு என் வெங்காயத்தைப் பற்றி என்ன கவலை? நீயும் "சரி வாப்பா" என்றாய். நம் இரண்டு பேருடைய கதையும் இவ்வளவு காலமாக இப்படித்தான் நடந்திருக்கிறது.

முதலில் ஒன்று. உம்மாவை ஏசாதே. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து இங்கே வந்து சாப்பிட்டாய். பிறகு குசினிக்குள் போய் உம்மாவிடம் மதுரங்குளியில் ஓதிப் பார்க்கிற மனிதரின் நம்பர் இருக்கிறதா என்று கேட்டாய். "வாப்பாட்ட சொல்லிடாதீங்க உம்மா, சும்மா ஒரு விஷயம்" என்றாயாம். தேடித் தருகிறேன் என்று உன்னை அனுப்பிவிட்டு, அவள் நேரே என்னிடம் வந்தாள். முன்னால் இருந்த கதிரையில் உட்கார்ந்தாள். "ஒங்கட மகன் ஒங்கட வழியிலேயே போறான்" என்றாள். என்ன வழி என்று கேட்டேன். "அந்த மதுரங்குளியாரத் தேடுறான். மூஞ்சிய வேற பக்கம் திருப்பிக்கிட்டுக் கேக்குறான். நீங்க அண்டைக்குக் கேட்ட மாதிரியே இருந்திச்சு."  நாற்பது வருடமாக ஒரு ஆணுடன் குடும்பம் நடத்தியவளுக்கு இதெல்லாம் வாய் திறந்து சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

அன்றைக்கு நீ குசினிக்குள் போக முன்னால் என்னோடு தண்ணி மோட்டாரைத் தூக்கினாயே, நினைவிருக்கிறதா? பாதி வழியில் கீழே வைத்துவிட்டுத் தென்னையில் சாய்ந்து நின்றாய். நெஞ்சைத் தடவினாய். "கேஸ்டிக் வாப்பா, உம்மாட புரியாணி" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். மோட்டாரைக் கொண்டுபோய் வைத்த பிறகு ஒரு சிகரெட்டும் பற்ற வைத்தாய். உன் உம்மா வந்து அந்த நம்பர் கதையைச் சொன்ன பிறகுதான் அது கேஸ்டிக் இல்லையோ என்று எனக்குப் பட்டது. முப்பத்தொன்பது வயது உனக்கு. உன் சாச்சாவை, என் தம்பியை, நாம் மண்ணில் வைத்தபோது அவனுக்கு நாற்பத்தேழு.

இனிச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எனக்கு நாற்பத்தாறு வயதில் ஆண்மை போனது. உடம்பு விறைப்பது நின்றுவிட்டது. இந்த ஒரு வரியை எழுத இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். முதல் தாளில் "உடல் பலவீனம்" என்று எழுதினேன், இரண்டாவதில் "அந்தப் பிரச்சினை" என்று எழுதினேன். எதற்குப் பலவீனம், எந்தப் பிரச்சினை என்று நீ கேட்டால் மறுபடியும் வெங்காயக் கதைதான் வரும். அதனால் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன். தொடக்கத்தில் களைப்பு என்று நினைத்தேன். வெங்காயம் பிடுங்குகிற காலம், பகல் முழுக்க வெயில். பிறகு வயது என்று நினைத்தேன். ஆனால் எழுபது வயதுக் கிழவன்மார் பள்ளிவாசல் வாசலில் நின்று அடிக்கிற பகிடியைக் கேட்டால் வயது என்றும் நம்ப முடியவில்லை. அப்போதுதான் உன் சாச்சா நிசாரோடு கிணற்றுச் சண்டை வந்தது.

அந்தச் சண்டை உனக்குத் தெரியும். இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரு கிணறு, இரண்டு மோட்டார். அந்த வருடம் மழை இல்லை, தண்ணீர் உவர்க்கத் தொடங்கியது. நீ அதிகம் இறைக்கிறாய், நான் அதிகம் இறைக்கிறேன் என்று தொடங்கி, கடைசியில் அவன் வரப்பில் நின்று, அண்ணன் என்றும் பார்க்காமல், "நீங்க நல்லா இருக்க மாட்டீங்க நானா" என்று கத்திவிட்டுப் போனான். கோபத்தில் எல்லாரும் சொல்வதுதான். நானும் அவனைச் சும்மா விடவில்லை, அதைவிட மோசமாகச் சொன்னேன். ஆனால் உன் வாப்பாவின் மூளை என்ன செய்தது தெரியுமா? அவனுடைய அந்தப் பேச்சையும் என் உடம்பையும் சேர்த்து முடிச்சுப் போட்டது. நம் பக்கத்தில் ஆம்பிளைக்குக் கட்டு வைப்பது என்று ஒரு கதை இருக்கிறதே. ஒரு தகட்டில் பெயரை எழுதி, அவன் மிதிக்கிற இடத்தில் புதைத்துவிட்டால் அவன் பெண்டாட்டியோடு சேர முடியாமல் போவான் என்று. அதைத்தான் தம்பி எனக்குச் செய்துவிட்டான் என்று முடிவு கட்டினேன்.

மதுரங்குளியாரிடம் போனேன். அவர் ஒரு கோப்பைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "சண்டை ஏதும் இருக்கா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "சொந்தத்துலயா?" ஓம் என்றேன். "தண்ணி புழங்குற எடமா?" அதற்கும் ஓம் என்றேன். எல்லாவற்றையும் நானே எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர் அதையே திருப்பிச் சொன்னபோது, அடேயப்பா, எப்படிக் கண்டுபிடித்தார் என்று அதிசயப்பட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவரும் அதை நம்பினார், நானும் நம்பினேன். திரும்பி வந்த கையோடு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்த் தோண்டினேன். நடுப்பகல். முழங்கால் ஆழத்தில் ஒரு சுருள் செம்புக் கம்பி கிடைத்தது.

மகன், அது மோட்டார்க் கம்பி. மூன்று மாதத்துக்கு முன்னால் அதே கிணற்றடியில் என் மோட்டார் எரிந்து, நானே பக்கத்தில் நின்று, கம்பி சுற்றுகிறவனைக் கூட்டிவந்து பழைய கம்பியைப் பிரித்துப் போட்டேன். அதில் ஒரு சுருள்தான் மண்ணில் போயிருக்கிறது. எனக்கு அது அன்றைக்கே தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி என்னையே நான் ஏமாற்றிக்கொண்டேன். என் உடம்பில் ஒரு பழுது என்பதைவிடத் தம்பி துரோகம் செய்தான் என்பது எனக்குத் தாங்கக் கூடியதாக இருந்தது.

அஸர் தொழுது ஆட்கள் வெளியே வருகிற நேரம், பள்ளிவாசல் முன்னால், அந்தக் கம்பியை நிசாரின் காலடியில் எறிந்தேன். "நீ வெச்ச கட்டு. எடுத்துக்க" என்றேன். அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து, "என்ன கட்டு நானா? எதுக்குக் கட்டு?" என்று கேட்டான். அவன் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டான். இருபது முப்பது பேர் நின்றார்கள். எதற்கென்று நான் எப்படிச் சொல்வேன்? "ஒனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். நீயும் அங்கேதான் நின்றாய், அப்போது உனக்கு இருபத்திரண்டு வயது. அன்றிலிருந்து நீயும் சாச்சாவுக்கு ஸலாம் சொல்வதை விட்டாய். நான் உன்னைத் தடுக்கவில்லை. உள்ளுக்குள் எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

மூன்று வருடம் பெருநாளைக்குக்கூட அவன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இந்தப் பக்கம் உன் உம்மாவோடும் எனக்குச் சண்டை. கறியில் உப்பு என்று சண்டை, பாண் காய்ந்துவிட்டது என்று சண்டை. கிட்டே வந்தால் எரிந்து விழுவேன். ஒரு நாள் அவள் வாய்விட்டுக் கேட்டாள், "என்ட பக்கத்துல ஏதும் கொறையா?" என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒனக்கு வயசு போயிட்டு, அதுதான்" என்றேன். என் குறையைத் தூக்கி அவள் தலையில் வைத்தேன். அதற்குப் பிறகு அவள் படுக்கையை எடுத்துக்கொண்டு சின்ன அறைக்குப் போய்விட்டாள். குர்ஆன் ஓதுவதற்கு அங்கே வெளிச்சம் நல்லது என்று உங்களிடம் சொன்னாள்.

நிசார் காலையில் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது விழுந்தான். நான் என் பக்கத்துத் தோட்டத்தில்தான் நின்றேன். குழாய் தானாகக் கிடந்து துள்ளுவதைப் பார்த்துத்தான் ஓடினேன். மூன்று வருடத்துக்குப் பிறகு அவனைத் தொட்டேன். வியர்வையில் நனைந்து சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. "கேஸ்டிக் நானா" என்றான். அவ்வளவுதான். த்ரீவீலரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே என் மடியில் போய்விட்டான். ஜனாஸாவைச் சுமந்தவர்களில் நீயும் ஒருவன், உன் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் தெரியும்.

ஏழு மாதம் கழித்து எனக்கு வந்தது. வெங்காய மூட்டையைத் தூக்கி லொறியில் கொடுத்துக்கொண்டிருந்தேன். இடது கை மரத்தது, தாடை வலித்தது, நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. நேரத்துக்குக் கொண்டுபோனதால் தப்பினேன். உங்களிடமெல்லாம் தம்பி போன கவலையில் வந்த மாரடைப்பு என்றுதான் சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள். ஆனால் வார்ட்டில் ஒரு இளம் லேடி டொக்டர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, சிகரெட் குடிப்பீர்களா, சீனி இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்து, அதே குரலில், "இதுக்கு முதல் கணவன் மனைவி விசயத்துல ஏதும் கஷ்டம் இருந்ததா?" என்றும் கேட்டார். எனக்கு அந்தக் கட்டிலோடு மண்ணுக்குள் போனால் நல்லது என்றிருந்தது. "இல்ல" என்றேன். மறுபக்கம் தலையணை உறையை மாற்றிக்கொண்டிருந்த உன் உம்மா கையை நிறுத்தாமல், "ஓம் டொக்டர். மூணு வருசத்துக்கு மேல" என்றாள்.

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. எழுதிக்கொண்டது. பிறகு எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னது. ஆணுடைய அந்த இடத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் இதயத்துக்குப் போகிற குழாய்களைவிடச் சிறியவை. குழாயின் உள்பக்கம் கொழுப்புப் படிந்து பழுதாகத் தொடங்கினால் அது ஒரு இடத்தில் மட்டும் நடப்பதில்லை, உடம்பு முழுக்க நடக்கிறது. ஆனால் சிறிய குழாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். இதயம் வலிப்பதற்குச் சில வருடங்களுக்கு முன்னாலேயே காட்டிக்கொடுக்கலாம். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. உவர்த் தண்ணீர் ஓடுகிற தோட்டத்தில் பெரிய பைப் அடைபடுவதற்கு முன்னால் ஸ்ப்ரிங்க்ளரின் வாய் அடைபடுவதை நான் எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன்! "நீங்க அப்பவே வந்திருந்தா இந்த அட்டாக் வராம பாத்திருக்கலாம் ஐயா" என்றது அந்தப் பிள்ளை.

வீட்டுக்கு வருகிற வேனில் உன் உம்மா அழுதாள். நான் பிழைத்ததற்காக அழுகிறாள் என்று நினைத்துத் தேற்றப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு, "அப்ப நான் இல்லயா காரணம்?" என்று கேட்டாள். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை மகன். இந்தப் பதினாலு வருடமாக ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதைவிடப் பெரியது இனித்தான். நான் வீட்டுக்கு வந்து ஒரு கிழமையில் நிசாரின் பெண்சாதி, உன் சாச்சி, என்னைப் பார்க்க வந்தாள். புருஷன் போன பின் வீட்டோடு இருக்கிற இத்தாவெல்லாம் முடிந்து முதல் தடவையாக நம் வாசலுக்கு வந்தாள். உன் உம்மா அவளிடம் டொக்டர் சொன்னதைச் சொல்லியிருக்கிறாள். என் முன்னால் வந்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "அவருக்கும் இருந்திச்சு மச்சான். நீங்க கம்பிய எறிஞ்ச அண்டைக்கு வீட்டுக்கு வந்து, 'நானாக்கும் எனக்குப் போலதான் போல, அதுதான் கட்டு எண்டு கத்துறாரு' எண்டாரு. ஒங்கள்ட்டப் போய்க் கதைக்கிறன் எண்டு ரெண்டு தரம் வெளிக்கிட்டாரு. வாசல் வரைக்கும் போய்ட்டு வெக்கத்துல திரும்பி வந்துட்டாரு. பொறகு கடையில அதுக்கெண்டு குளிசை வாங்கிப் போட்டாரு."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஊர் முன்னால் நான் அவனை அவமானப்படுத்திய அதே நாளில், இந்த உலகத்தில் என் வருத்தத்தை விளங்கிக்கொண்ட ஒரே மனிதன் அவன்தான். "எதுக்குக் கட்டு?" என்று அவன் கேட்டபோது நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். "எனக்கும்தான் நானா" என்றிருப்பான். இரண்டு பேரும் சேர்ந்து வெட்கத்தோடாவது ஒரு டொக்டரிடம் போயிருப்போம். அவன் இன்றைக்கு இருந்திருப்பான் என்று சத்தியம் பண்ண மாட்டேன், மவுத்தும் ஹயாத்தும் அல்லாஹ்வின் கையில். ஆனால் நான் அவனுக்கு வழியை அடைத்தேன். அது மட்டும் சத்தியம்.

இப்போது நீ. உனக்கு என்ன வருத்தம் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. இந்தக் கஷ்டம் வருகிற எல்லாருக்கும் இதயத்தில் கோளாறு என்றும் இல்லை, மனக் கவலையாலும் வரும், சில மருந்துகளாலும் வரும், சீனி வருத்தத்தாலும் வரும் என்று அந்த டொக்டரே சொன்னது. உனக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தால் நான் அல்லாஹ்வுக்கு நன்றியாக இரண்டு ரக்அத் ஷுக்ர் தொழுவேன், நீ என்னைக் கிழட்டுப் பைத்தியம் என்று சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் உன் வாப்பாவுக்கு வந்தது, உன் சாச்சாவுக்கு வந்தது, நீ இருபது வயதிலிருந்து புகைக்கிறாய், தென்னையில் சாய்ந்து நெஞ்சைத் தடவுகிறாய். பார்க்காமல் எப்படி விடுவது? ஓதிப் பார்ப்பதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அல்லாஹ்வின் கலாமில் நோய்க்கு ஷிஃபா இருக்கிறது. ஓது. ஓதிவிட்டுப் போய் ஈசிஜி எடு, ரத்தம் சோதி, பிரஷர் பார். கடையில் யாரோ இதற்கென்று எடுத்துத் தருகிற குளிசையை மட்டும் போடாதே. நெஞ்சு வலிக்கு நாக்குக்குக் கீழே வைக்கிற மருந்தோடு அது சேர்ந்தால் பிரஷர் ஒரேயடியாக விழுந்து ஆளையே கொண்டுபோய்விடும் என்று எனக்கு எச்சரித்திருக்கிறார்கள். ஏற்கனவே போட்டிருந்தால் டொக்டரிடம் மறைக்காதே. உன் பெண்சாதி ரிஹானாவிடமும் இன்றைக்கே சொல். அந்தப் பிள்ளை தன்னில்தான் குறை என்று நினைத்துக்கொண்டு சின்ன அறைக்குப் போக முன்னால் சொல்.

இந்தக் கடிதத்தை ஒளித்து வைக்காதே. அஸ்லமுக்குக் காட்டு. உன் சாச்சாவின் மூத்த மகன் அவன், முப்பத்துநாலு வயது, அதே ரத்தம். கட்டு என்று பள்ளிவாசல் முன்னால் நின்று கத்திய நான், அது பொய் என்று இன்றுவரை அங்கே நின்று சொல்லவில்லை. தனியாக உன் சாச்சியிடம் மன்னிப்புக் கேட்டு ஒதுங்கிவிட்டேன். ஊர் முன்னால் சொன்னதை ஊர் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும். ஆகவே யார் வாசித்தாலும் எனக்குச் சரி: நிசார் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. நான் நோயாளியாக இருந்தேன், சொல்ல வெட்கப்பட்டேன்.

வாற செவ்வாய்க்கிழமை எனக்குப் புத்தளத்தில் கிளினிக். கல்பிட்டியிலிருந்து வருகிற முதல் பஸ்ஸில் ஏறுவேன். ஆறேமுக்காலுக்கு உன் சந்திக்கு வரும். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அங்கே நில். பக்கத்து சீட்டைப் பிடித்து வைத்திருப்பேன். வழியில் ஒன்றும் கதைக்க வேண்டாம், டொக்டரிடம் வாய் வராவிட்டால் உனக்காக நானே சொல்கிறேன். நீ அங்கே நிற்காவிட்டால் நான் பஸ்ஸை விட்டு இறங்குவேன். நேரே உன் வீட்டுக்கு வந்து, ரிஹானாவின் உம்மா, உன் மாமி, தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கிற நேரத்தில், அவளுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி இந்தக் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொல்வேன். செய்ய மாட்டார் என்று மட்டும் நினைத்துவிடாதே. எனக்கு வெட்கமெல்லாம் தீர்ந்துபோயிற்று மகன், பயம் மட்டும்தான் இருக்கிறது.

உன் வாப்பா